உடைந்த துண்டை வீசிவிடாதீர்கள்: கணினியில் அரைத்த பல் கிரவுன்களின் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் களைதல்

வவுனியாவில் உள்ள எங்கள் பல் ஆய்வுகூடத்துக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், செட்டிகுளம் பக்கத்துப் பல் வைத்தியர்கள் வேலை அனுப்புகிறார்கள். கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் அரைத்துக் கொடுத்த கிரவுன், அதாவது செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் மூடி, திரும்பி வரும்போது கூட வரும் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "பொருள் சரியில்லை, வேறு செய்து தரவும்." திரும்பி வந்தவற்றையெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, அளந்து, காரணத்தை ஒரு கொப்பியில் எழுதுவதும் வழக்கம். அந்தக் கொப்பியில் பொருளே பழுதாக இருந்த வழக்குகள் மிகக் குறைவு. தடிப்புப் போதாமை, ஒரு பொருளுக்கு உரிய பக்குவத்தை இன்னொரு பொருளுக்குச் செய்தது, உலை இடையில் நின்றது ஆகியவைதான் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன. காரணம் தெரியாமல் மறுபடி அரைத்தால் அதே இடத்தில் மறுபடி உடையும். அதற்காக இன்னொரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி வருபவர் நோயாளி.

உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு கூடியது கடைசியில் வரும்.

எதற்கும் முன்: கையில் இருப்பது எந்தப் பொருள்?

சீட்டில் எழுதியிருந்தால் நல்லது. எழுதாவிட்டால் மூன்று சோதனைகள் போதும். (சிர்கோனியா, லிதியம் டைசிலிக்கேட், பெல்ட்ஸ்பார் மூன்றும் பீங்கான் வகைகள். அரைப்பதற்கு இயந்திரத்தில் மாட்டும் கட்டியைப் புளொக் அல்லது வட்டு என்கிறோம்.)

உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சிர்கோனியா கனக்கும். அதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 6 கிராம். லிதியம் டைசிலிக்கேட்டுக்கு 2.5 கிராம் அளவுதான். சிறிய துண்டிலும் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

பழைய எக்ஸ்ரே இருந்தால் பாருங்கள். சிர்கோனியா உலோகம் போல வெள்ளையாக அடைத்து நிற்கும். லிதியம் டைசிலிக்கேட் அவ்வளவு அடைக்காது.

கத்தி நுனியால் உள்பக்கத்தில் கீறுங்கள். கோடு விழுந்து துகள் வந்தால் அது தற்காலிக கிரவுனுக்கான பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக் அல்லது பிசின் கலந்த கலப்புப் புளொக். கோடு விழாமல், கத்தியின் உலோகம் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொண்டால் பீங்கான் வகை.

வலிமையைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: பெல்ட்ஸ்பார் புளொக்கின் வளைவு வலிமை 150 மெகாபாஸ்கல் அளவு. லிதியம் டைசிலிக்கேட் உலையில் சுட்ட பின் 360க்கு மேல். 3ஒய் சிர்கோனியா 1,000 அளவில் நிற்கும் (ஒய்க்கு முன் உள்ள எண் அதில் கலந்த இற்றியாவின் அளவு). முன்பல்லுக்கென்று வரும் ஒளி ஊடுருவும் 5ஒய் சிர்கோனியாவுக்கு அதில் பாதியளவுதான். ஆகவே சீட்டில் "சிர்கோனியா" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஒய் என்று எழுதுங்கள்.

அறிகுறி 1: கிரவுன் வாயில் உடைந்தது

நெடுங்கேணியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லின் கிரவுன், போட்டு நான்கு மாதம். இரண்டு துண்டுகளையும் பழைய பத்திரிகைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். "புழுக்கொடியல் கடித்தது என் பிழைதான் தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துண்டு லிதியம் டைசிலிக்கேட். நடுப்பள்ளத்தில் அளவி வைத்தேன்: 0.7 மி.மீ. மேல்பக்கத்தில் வைர பர் (தேய்க்கும் சுழல் முனை) ஓடிய கோடுகள், மெருகு போடப்படாமல், வெறும் கண்ணுக்கே தெரிந்தன. கடி உயரமாக இருந்ததால் பொருத்திய அன்று அந்த இடத்தைத் தேய்த்திருக்கிறார்கள். புழுக்கொடியல் கல் போன்றதுதான். ஆனாலும் ஒரு கடைவாய் கிரவுன் அதைத் தாங்க வேண்டும். வன்னியில் பனங்கிழங்கு அவித்துக் காயவைக்காத வீடு எது? நண்டுக் காலையும் புழுக்கொடியலையும் கடிப்பார்கள் என்று எண்ணித்தான் நாங்கள் தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

*முதலில் செய்ய வேண்டியது.* எல்லாத் துண்டுகளையும் எடுத்து உலர்த்தி, உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெடிப்பு எங்கே தொடங்கியது என்பதுதான் கேள்வி.

*மேற்பரப்பில், தேய்த்த கோட்டிலிருந்து தொடங்கியிருந்தால்:* பொருத்தும்போது தேய்த்துவிட்டு மெருகு போடவில்லை. அடுத்த தடவை ஒட்டுவதற்கு முன்பே 40 மைக்ரோன் கடித் தாளால் கடியைப் பாருங்கள். தேய்க்க வேண்டியிருந்தால் மென்மையான வைர பர், தண்ணீர், இலேசான கை. பிறகு ரப்பர் மெருகு. ஒரு விதிவிலக்கு: பெல்ட்ஸ்பார் கிரவுனையும் மெல்லிய லிதியம் டைசிலிக்கேட்டையும் ஒட்டுவதற்கு முன் பலமாகக் கடிக்கவிடக் கூடாது. ஒட்டாத நிலையில் அவை முட்டையோடு போன்றவை. அவற்றுக்கு ஒட்டிய பின்தான் கடி பார்ப்பது.

*உள்பக்கத்தில், ஒரு முனையிலிருந்து தொடங்கியிருந்தால்:* செதுக்கிய பல்லில் கூரான மூலை இருக்கிறது. மாதிரியை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த இடம் உருட்டப்பட வேண்டும்.

*குறிப்பிட்ட தொடக்கமே இல்லாமல் முழுவதும் மெல்லியதாக இருந்தால்:* உடைந்த ஓரத்தில் அளவி வையுங்கள். கடைவாயில் லிதியம் டைசிலிக்கேட்டுக்கு 1.5 மி.மீ. வேண்டும், பிசின் சீமெந்தால் முறையாக ஒட்டினால் 1 மி.மீ. வரை குறைக்கலாம். 3ஒய் சிர்கோனியா 0.5 முதல் 0.6 மி.மீ.யிலும் நிற்கும். 5ஒய்க்கு 1 மி.மீ.க்குக் குறைய நான் சம்மதிப்பதில்லை. கிரவுனின் தடிப்பு போதாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு: பல்லை இன்னும் செதுக்குவது, அல்லது பொருளை மாற்றுவது. பல் குட்டையாக இருந்தால் பொருளை மாற்றுங்கள். பல்லின் உயிர்த்தசைக்கு அருகே போவதைவிட 3ஒய் வட்டில் அரைப்பது எல்லோருக்கும் நல்லது.

*தடிப்பும் சரி, மூலையும் சரி, ஆனால் உடைந்தது:* எப்படி ஒட்டினீர்கள் என்று பாருங்கள். பெல்ட்ஸ்பார் கிரவுனைச் சாதாரண கண்ணாடி அயனோமர் சீமெந்தால் வைத்திருந்தால் அதுவே காரணம். பல்லோடு ஒட்டிப் பிடித்தால்தான் அந்தப் பொருளுக்குப் பலம்.

*அதுவும் சரி என்றால்:* நோயாளியின் மற்றப் பற்களைப் பாருங்கள். தட்டையாகத் தேய்ந்து பளபளத்தால் இரவில் பல் கடிப்பவர். 3ஒய் சிர்கோனியாவும், இரவில் போடும் கடித் தட்டும் வேண்டும். தட்டு இல்லாமல் கிரவுனை மட்டும் மாற்றினால் அடுத்து எதிர்ப் பல் உடையும்.

*உடைந்தது சிர்கோனியாவா?* அது அரிது. அதனால் சந்தேகப்பட வேண்டியது. பெரும்பாலும் வெடிப்பு வாய்க்குள் போகும் முன்பே இருந்திருக்கும்: உலையைச் சூட்டோடு திறந்தது, அல்லது சுட்ட பின் தண்ணீர் இல்லாமல் தேய்த்துச் சூடேற்றியது. இப்போது ஒவ்வொரு கிரவுனையும் அனுப்புவதற்கு முன் இருட்டில் கைபேசி விளக்கின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறேன். வெடிப்பு இருந்தால் ஒளி அந்தக் கோட்டில் நின்றுவிடும். அரை நிமிட வேலை.

*எப்போது நிபுணரிடம்:* கிரவுனோடு பல்லும் உடைந்திருந்தால், குளிர் பட்டு வலி நின்றுபோகாமல் நீடித்தால், கடிக்கும்போது ஒரே புள்ளியில் மின்னல் போல் வலித்தால் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டாம். வேர் பார்க்கும் வைத்தியர் முதலில் பார்க்கட்டும்.

அறிகுறி 2: ஓரம் பெயர்ந்திருக்கிறது

எப்போது பெயர்ந்தது என்பதில் வழி பிரிகிறது.

*அரைத்து முடிந்த உடனேயே:* முதலில் பரைப் பாருங்கள். எத்தனை கிரவுனுக்கு ஓடியது என்று மென்பொருள் காட்டும். அந்த எண்ணைத் தாண்டி ஓட்டுவது வட்டு ஒன்றை வீணாக்கிப் பர் ஒன்றை மிச்சம்பிடிப்பதாகும். பர் புதிதென்றால் தண்ணீர். ஈரமாக அரைக்கும் இயந்திரத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே கூடாது. வன்னியில் தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவம் கட்டாத வீடு அரிது. அதே சுண்ணாம்புதான் தெளிப்பான் துளையிலும் கட்டுகிறது. நான்கு துளைகளில் ஒன்று அடைந்தாலும் பர் ஒரு பக்கம் சூடாகி ஓரத்தைச் சிதைக்கும். துளைகளைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்து, ஊசியால் குத்தாமல், காற்றால் ஊதுங்கள். தொட்டிக்கு வடித்த நீரும், இயந்திரத்துக்கு உரிய குளிர்விப்புத் திரவமும் மட்டும்.

பரும் தண்ணீரும் சரியென்றால் ஓரத்தின் வடிவம். கத்தி முனை போல் முடியும் ஓரத்தைக் கண்ணாடிப் பீங்கானில் அரைக்க முடியாது. வைத்தியரிடம் பேசி உருண்ட படி போன்ற ஓரம் வாங்குங்கள். அது முடியாவிட்டால் மென்பொருளில் ஓரத்தைச் சற்றுத் தடிப்பாக்கி அரைத்து, பின் கையால் மெலியுங்கள். இவை எல்லாம் பார்த்தும் ஒவ்வொரு வேலையிலும் ஒரே பக்கம் பெயர்ந்தால் சுழல்தண்டு ஆடுகிறது. அதை நாங்கள் திறப்பதில்லை. விற்ற நிறுவனத்தின் பொறியியலாளரை அழைப்பதுதான். செலவு அதிகம் என்பதால்தான் கடைசியில் சொல்கிறேன்.

*உலைக்கு முன், கையாளும்போது:* சுடாத சிர்கோனியா சுண்ணக்கட்டி போன்றது. கிரவுனை வட்டோடு பிடித்திருக்கும் தாங்கு தண்டை வெட்டும்போது ஓரத்துக்கு எதிர்ப் பக்கத்தைப் பிடியுங்கள். தூசியைத் தூரிகையால் தட்டுங்கள்.

*வாயில்:* பொருத்தும் அன்று பலவந்தமாக அழுத்தியிருக்கிறார்கள். அறிகுறி 4ஐப் பாருங்கள்.

அறிகுறி 3: கிரவுன் கழன்று விழுகிறது

நோயாளிக்கு முதலில் இரண்டு வார்த்தை. கழன்ற கிரவுனை ஒரு சிறிய போத்தலில் போட்டுக் கொண்டுவாருங்கள். கடையில் வாங்கும் உடனடி ஒட்டுப் பசையால் ஒட்டாதீர்கள்; அதைச் சுரண்டி எடுப்பதற்குள் பல்லும் கிரவுனும் இரண்டுமே கெடும். தூக்கத்தில் கழன்று காணாமற்போய், அதன்பின் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் பல் வைத்தியரிடம் அல்ல, நேரே மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சீமெந்து எங்கே நிற்கிறது?

*சீமெந்து பல்லில் நிற்கிறது, கிரவுனின் உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது.* கிரவுனின் பக்கத்துப் பிடிப்புத் தவறிவிட்டது. என்னிடம் திரும்பி வந்தவற்றில் இதுவே அதிகம். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: சிர்கோனியாவை லிதியம் டைசிலிக்கேட் போல நடத்துவது. ஹைட்ரோபுளோரிக் அமிலம் கண்ணாடியைத்தான் அரிக்கும். சிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. அமிலம் பூசுவதால் பிடிப்பு வராது. அதற்கு 50 மைக்ரோன் அலுமினாத் துகளை 1 முதல் 2 பார் அழுத்தத்தில் ஊதி, எம்.டி.பி. (சிர்கோனியாவைப் பற்றும் வேதிப்பொருள்) உள்ள பிரைமர், அதாவது சீமெந்துக்கு முன் பூசும் திரவம், பூச வேண்டும். லிதியம் டைசிலிக்கேட்டுக்கு நேர்மாறு: அலுமினாத் துகள் ஊதக் கூடாது, 5 சதவீத அமிலம் 20 விநாடி, கழுவி உலர்த்தி, சிலேன் என்ற ஒட்டு இணைப்புத் திரவம். பெல்ட்ஸ்பாருக்கு அதே அமிலம் 60 விநாடி. இந்த மூன்று வரிகளையும் எழுதி ஒட்டும் மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே தெரியாது, உள்ளே இறங்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, கல்சியம் குளுக்கோனேட் ஜெல் எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் போத்தலைத் திறவுங்கள்.

அடுத்த காரணம் எச்சில். வாயில் வைத்துப் பார்த்த கிரவுனில் எச்சிலின் பொஸ்பேற் சிர்கோனியாவைப் பற்றிக்கொள்ளும். பிரைமருக்கு இடம் இராது. பொஸ்பரிக் அமிலத்தால் கழுவினால் இன்னும் பொஸ்பேற்றைச் சேர்க்கிறீர்கள். வைத்துப் பார்த்த பின்தான் துகள் ஊதுங்கள், அல்லது சிர்கோனியாவுக்கென்றே உள்ள சுத்திகரிப்புப் பசையைப் பயன்படுத்துங்கள். துகள் ஊதும் கருவி இல்லாத வைத்தியர்கள் வைத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் திருப்பி அனுப்பினாலும் சரி, ஊதிக் கொடுப்போம்.

*சீமெந்து கிரவுனுக்குள் நிற்கிறது, பல் சுத்தமாக இருக்கிறது.* பல்லின் பக்கம் தவறியது. தற்காலிக சீமெந்தில் கிராம்பு எண்ணெய் இருந்ததா என்று பாருங்கள். அதன் மிச்சம் பிசினை இறுக விடாது. பியூமிஸ் பொடியால் தேய்த்துக் கழுவுங்கள். முரசிலிருந்து இரத்தமோ ஈரமோ கசிந்திருந்தால் இரண்டு நாள் பொறுத்து, முரசு ஆறிய பின் ஒட்டுங்கள். பகுதி கிரவுன் என்றால் இன்னொன்று: வவுனியா மாவட்டத்தில் கிணற்று நீரில் புளோரைட் கூடிய இடங்கள் பல. அந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தவரின் எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. மேற்பரப்பை மெல்லியதாக நீக்கி, அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடிய நேரம் வைக்க வேண்டும்.

*இரண்டிலும் பாதி பாதி நிற்கிறது.* சீமெந்தே பழுது, அல்லது பல்லின் வடிவம் பிடிக்கவில்லை. முதலில் சீமெந்துக் குழாயின் திகதியையும், அது எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். சித்திரை வெயிலில் மூடிய அறையில் ஒரு வாரம் கிடந்த குழாயை நான் நம்புவதில்லை. பிறகு செதுக்கிய பல்லின் உயரம்: கடைவாயில் 4 மி.மீ., மற்றவற்றில் 3 மி.மீ. இருக்க வேண்டும். அதற்கும் குட்டையாக, கூம்பு போல் சரிந்திருந்தால் எந்தச் சீமெந்தும் நெடுநாள் பிடிக்காது. பல்லில் பள்ளம் வெட்டுவதா, முரசை இறக்குவதா என்பது வைத்தியரின் முடிவு.

*கலப்புப் புளொக் கிரவுன் கழன்றால்:* மறுபடி ஒட்டுவதற்கு முன் யோசியுங்கள். பிசின் கலந்த புளொக் கடிக்கும்போது சற்று வளையும். அந்த வளைவு ஒட்டை மெல்ல மெல்லப் பிரிக்கும். பெயர்பெற்ற அத்தகைய புளொக் ஒன்றை, கழன்று விழுவதாக முறைப்பாடுகள் வந்ததால், முழுக் கிரவுனுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2015இல் அதன் தயாரிப்பாளரே அறிவித்தார். பல்லுக்குள் பதிக்கும் இன்லே வேலைக்கு அந்த வகை நல்லது. முழுக் கிரவுனாக இரண்டாவது தடவையும் கழன்றால் வேறு பொருளுக்குப் போங்கள்.

அறிகுறி 4: கிரவுன் இறங்கி உட்காரவில்லை

அழுத்த வேண்டாம். மாதிரியில் உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள்.

*மாதிரியில் உட்காருகிறது, வாயில் உட்காரவில்லை.* பக்கத்துப் பல்லோடு இறுக்கமா? பல் நூலை விட்டுப் பாருங்கள். நூல் அறுந்தால் அந்தப் பக்கத்தைச் சற்றுத் தேய்த்து மெருகிடுங்கள். வேலையில் பாதி இதோடு முடியும். நூல் சரியாகப் போனால் பிழை அச்சில். அல்ஜினேட் அச்சு எடுத்துப் பொலித்தீனில் கட்டி முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் அனுப்பினால், அது இங்கே வரும்போது பல் வேறு, அச்சு வேறு. அல்ஜினேட்டுக்குச் சில நிமிடங்களில் கல்மாவு ஊற்ற வேண்டும். பயணம் போகும் அச்சுக்குச் சேர்ப்பு வகைச் சிலிக்கோன்தான். அந்த அச்சின் மேற்பரப்பு ஓரிடத்தில் பிசுபிசுத்தால் லேடெக்ஸ் கையுறையோடு பிசைந்திருக்கிறார்கள். அந்த அச்சை ஏற்காதீர்கள், நாங்களும் ஏற்பதில்லை. தற்காலிக கிரவுன் இல்லாமல் பல நாள் கழித்து வந்தவர் என்றால் பல்லே சற்று நகர்ந்திருக்கும். புதிய அச்சு எடுங்கள்.

*மாதிரியிலும் உட்காரவில்லை, அந்த ஒரு கிரவுன் மட்டும்.* உள்பக்கம் பொருத்தம் பார்க்கும் சிலிக்கோனை வைத்து அழுத்தி எடுங்கள். அது கிழிந்து பீங்கான் தெரியும் புள்ளியே தடுக்கிறது. கீழ் முன்பற்களில் இது வழக்கம். பல்லின் விளிம்பு பரின் விட்டத்தைவிட மெல்லியதாக இருந்தால் பர் அந்த மூலைக்குள் நுழையாது. வைத்தியர் விளிம்பை உருட்டிக் கொடுத்தால் தீரும்.

*அன்றைய கிரவுன்கள் எல்லாமே இறுக்கம்.* இது எங்கள் பிழை. வைத்தியரைக் கேட்க வேண்டாம். சிர்கோனியா சுடும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்கேற்பப் பெருப்பித்து அரைக்கும் எண் ஒவ்வொரு வட்டிலும் அச்சிட்டிருக்கும். ஒரு நாள் புது வட்டுப் போட்டு, பழைய வட்டின் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். வட்டில் 1.246, கணினியில் 1.226. பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் 8 மி.மீ. உள்விட்டம் உள்ள கிரவுனில் 0.13 மி.மீ. குறைந்துவிட்டது, நாங்கள் சீமெந்துக்கு விடும் இடைவெளியோ 0.06 மி.மீ. அன்று அரைத்த ஏழும் குப்பைக்குப் போயின. ஏழு பேருக்குத் தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பின் வட்டை மாட்டும்போது ஒருவர் எண்ணை வாசிக்க, மற்றவர் பதிகிறார்.

எண் சரியாக இருந்தும் எல்லாம் இறுக்கமாகவோ தளர்வாகவோ இருந்தால் உலையின் வெப்பம். திரையில் 1,500 பாகை காட்டுவதை நம்பாமல், வெப்பச் சோதனை வளையத்தை உள்ளே வைத்துச் சுட்டு, அதன் விட்டத்தை அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். வளையம் விலை குறைந்தது. உலை பிழையென்று தெரிந்தால் திருத்துநரைக் கொழும்பிலிருந்து அழைக்க வேண்டியிருக்கும். வளையத்தின் அளவைத் தொலைபேசியிலேயே சொன்னால் தேவையான பாகத்தோடு வருவார். இரண்டாவது பயணச் செலவு மிஞ்சும்.

அறிகுறி 5: உலை நடுவில் நின்றுவிட்டது

2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இந்தப் பகுதியைக் கற்றுக்கொண்டோம். இப்போதும் வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் மரம் விழுந்தால் மின்சாரம் போகும். சிர்கோனியா சுடும் வேலை சாதாரண ஓட்டத்தில் எட்டு மணிநேரத்துக்கும் மேல் நீளும்.

உலையைத் திறக்காதீர்கள். என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்க மனம் பதைக்கும். திறந்தால் பட்ட காற்றில் வெடிக்கும். மின்சாரம் போன நேரத்தையும், உலை காட்டிய கடைசி வெப்பத்தையும் எழுதுங்கள். பிறகு வழி பிரியும்.

1,000 பாகைக்குக் கீழே, ஏறும்போது நின்றிருந்தால் தானாக ஆறவிட்டு முதலிலிருந்து ஓட்டுகிறேன். உச்ச வெப்பத்தில் நிற்க வேண்டிய நேரம் முடிந்து, ஆறும்போது நின்றிருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. விளக்கின் மேல் வைத்து வெடிப்பு மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் நின்றிருந்தால் தனிக் கிரவுனை மறுபடி சுட்டு, அளந்து, பொருந்தினால் வைத்துக்கொள்ளலாம். பல கிரவுன்களை ஒரே துண்டாக இணைத்த நீண்ட பாலம் என்றால் நான் மறுபடி அரைக்கிறேன். பாதி சுருங்கிய பாலம் வளைந்துவிடும். அதைத் தேய்த்துப் பொருத்துவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

யு.பி.எஸ். அரைக்கும் இயந்திரத்துக்கும் கணினிக்கும் போதும். உலையைச் சாதாரண யு.பி.எஸ். தாங்காது, அதற்கு ஜெனரேட்டர். ஜெனரேட்டர் பிடிக்கும் நொடியில் மின்னழுத்தம் குதிப்பதால் நடுவில் அழுத்தச் சீராக்கி வேண்டும். எதை வாங்குவது என்பதை மின் பொறியியலாளர் ஒருவர் உலையின் சுமையைப் பார்த்துச் சொல்லட்டும். குத்துமதிப்பாக வாங்கிய சீராக்கி ஒன்று எங்களிடம் எரிந்து போயிருக்கிறது.

அறிகுறி 6: எதிர்ப் பல் தேய்கிறது, நாக்கில் உரசுகிறது

சிர்கோனியா கடினமானது என்பதால் எதிர்ப் பல்லைத் தின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். நன்றாக மெருகிட்ட சிர்கோனியா எதிர்ப் பல்லுக்கு இதமானது. தேய்த்துவிட்டு மெருகிடாமல் விட்டதுதான் அரம். சிர்கோனியாவுக்குரிய வைர மெருகு ரப்பர்கள் படிப்படியாக மூன்றும். விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வழுக்க வேண்டும்.

அறிகுறி 7: நிறம் சரியில்லை

*லிதியம் டைசிலிக்கேட் இன்னும் ஊதா சாயலில்:* சுடப்படவில்லை, அல்லது குறையாகச் சுடப்பட்டது. 840 முதல் 850 பாகை வரை போனால்தான் பல் நிறமும் முழு வலிமையும் வரும். ஒட்டியிருக்காவிட்டால் மறுபடி சுடுங்கள். ஒட்டிவிட்டால் கழற்ற வேண்டியதுதான். அந்த நிலையில் அதன் பலம் மூன்றில் ஒரு பங்களவே.

*சிர்கோனியா சுண்ணாம்பு போல் வெளிறி:* நிறத் திரவம் தோய்த்த பின் போதிய அளவு உலராமல் உலைக்குப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாத ஈரக் காற்றில் உலர்த்தும் நேரத்தைக் கூட்டுங்கள். அது சரியென்றால் வெப்பம் குறைவு, வளையச் சோதனை.

*சிர்கோனியா பச்சை அல்லது மஞ்சள் படிந்து:* உலையின் வெப்பக் கம்பிகளிலிருந்து உதிர்வது. சுத்திகரிப்புச் சூடு ஒன்றை வீணான சிர்கோனியாத் துண்டுகளோடு ஓட்டுங்கள். இரண்டு தடவைக்குப் பின்னும் வந்தால் கம்பிகளை மாற்றத் திருத்துநர் வேண்டும். புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தால் அதே இயந்திரத்தில் கோபால்ட் குரோமியம் அரைத்தீர்களா என்று பாருங்கள். உலோகத் தூசி மிச்சமிருக்கிறது.

*வாயில் வைத்ததும் சாம்பல் அடிக்கிறது:* அடியில் உள்ள பல் கறுத்தது, அல்லது உலோகத் தண்டு இருக்கிறது. ஒளி ஊடுருவும் பொருளைத் தேர்ந்தது பிழை. ஊடுருவல் குறைந்த புளொக்கில் மறுபடி அரைக்க வேண்டும். சீட்டில் அடிப் பல்லின் நிறத்தையும் எழுதி அனுப்பினால் இந்த மறுவேலை இராது.

*பக்கத்துப் பற்களோடு சேரவில்லை:* நம் பகுதியில் இது தனிக் கதை. புளோரைட் நீரால் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் உள்ள பல்வரிசையில் ஏ2 என்றோ ஏ3 என்றோ ஒரு நிறத்தை எழுதினால் கிரவுன் அந்நியமாக நிற்கும். பல்லைச் செதுக்குவதற்கு முன், அது உலர்வதற்கு முன், ஜன்னல் வெளிச்சத்தில் நிறக் குச்சியைப் பல்லுக்கு நேரே பிடித்துப் படம் எடுங்கள். திட்டுகள் எங்கே என்று பென்சிலால் ஒரு பல் வரைந்து அனுப்புங்கள்; அதைப் பார்த்து நிறம் தீட்டிச் சுடுவோம். திட்டு வேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் நாங்கள் முடிவு செய்வதில்லை. அதை நோயாளியிடம் கேளுங்கள். மற்றப் பற்களையும் வெளுக்கச் செய்ய அவர் விரும்பினால், அதை முதலில் செய்து, இரண்டு வாரம் விட்டு, அதன் பிறகு நிறம் எடுங்கள். கிரவுன் செய்த பின் வெளுக்கும் மருந்து பல்லைத்தான் மாற்றும், கிரவுனை மாற்றாது.